டன்ஜன் மாஸ்டர் சாத்தானா? ஒரு பழைய கார்ட்டூனும் வழிகாட்டிகள் பற்றிய ஓர் ஐயமும்

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத வேண்டிய இரவில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு விவாதம் மூண்டது. போர்த்துகீசிய மொழிபெயர்ப்புகளை ஆராயும் தோழி ஒருத்தி, பிரேசிலில் ஒரு தலைமுறையே நம்பிய கதை ஒன்றைச் சொன்னாள். 1980களின் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் ஒன்று. அதில் ஆறு பிள்ளைகளுக்கு வழிகாட்டும் குள்ளக் கிழவர் ஒருவர். அந்தக் கிழவர்தான் சாத்தான், அந்தப் பிள்ளைகள் எல்லாரும் முன்னரே இறந்துவிட்டவர்கள், அவர்கள் அலைந்து திரியும் உலகம் நரகம் என்பது அக்கதை. மேசையில் இருந்தவர்கள் சிரித்தோம். நேற்றுச் சேர்ந்த இளைய மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்கு வழி தெரியும்னா ஏன் அக்கா சொல்லலை?" என்று கேட்டாள். அக்கேள்வி என்னை விடவில்லை.

அறியாதோர்க்காகச் சில செய்திகள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற தொடர் 1983 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1985 டிசம்பர் வரை மூன்று பருவங்களாக 27 பகுதிகள் ஒளிபரப்பானது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட அதே பெயர் கொண்ட கதைவிளையாட்டே அதன் மூலம். பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டின வண்டி ஒன்றில் ஏறும் ஆறு பிள்ளைகள் வேறோர் உலகில் போய் விழுகிறார்கள். அங்கே டன்ஜன் மாஸ்டர் என்னும் சிறிய உருவம் கொண்ட முதியவர் தோன்றி ஆளுக்கொரு மாயக் கருவி தருகிறார். ஹாங்கிற்கு வில், எரிக்கிற்குக் கேடயம், பிரஸ்டோவிற்குத் தொப்பி என்று பங்கீடு. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் எங்கிருந்தோ வந்து நிற்பார்; வீடு திரும்பும் வழியைப் பற்றி ஒரு விடுகதை போடுவார்; பிள்ளைகள் முகம் திருப்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிடுவார். எதிரி வெஞ்சர் என்னும் ஒற்றைக்கொம்பு மந்திரவாதி. பிள்ளைகள் வீட்டு வாசலை நெருங்குவார்கள். ஏதேனும் ஒரு காரணத்தால் நுழைய முடியாமல் போகும். 27 முறையும் ஏறத்தாழ இதுதான். நான்காம் பருவம் வரவில்லை. பிள்ளைகள் வீடு சேர்ந்தார்களா என்பது சொல்லப்படாமலே தொடர் நின்றது.

பிரேசில் நாட்டினர் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பினார்கள். அவர்கள் சொன்ன கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவான எலும்புக்கூடு இது: ராட்டின வண்டி விபத்தில் பிள்ளைகள் இறந்துவிட்டனர். வழிகாட்டியும் எதிரியும் ஒரே தீய ஆற்றலின் இரு முகங்கள். ஒரு முகம் நம்பிக்கை தருகிறது, மறுமுகம் அதைப் பறிக்கிறது. கூடவே வரும் யூனி என்ற குட்டி ஒற்றைக்கொம்புக் குதிரை உளவாளி. இல்லாவிட்டால் வாசல் திறக்கும்போதெல்லாம் அதன் பொருட்டே சிறுவன் பாபி ஏன் தயங்கி நிற்க வேண்டும்? ஐந்தலை நாகமான தியாமத், உண்மையில் அவர்களை எச்சரிக்க வந்த தேவதூதர் என்றும் சிலர் சேர்த்துக்கொண்டனர். இவையெல்லாம் ஒளிபரப்பப்படாத ஓர் இறுதிப் பகுதியில் வெளிப்பட்டதாகவும் வதந்தி.

ஒளிபரப்பப்படாத இறுதிப் பகுதி ஒன்று உண்மையாகவே இருந்தது. தொடரின் முதன்மை எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் ரீவ்ஸ் 'ரெக்வியம்' என்ற பெயரில் அதை எழுதினார், படமாக்கப்படவில்லை. வதந்தி எல்லை மீறிப் பரவியபின் அவர் அப்பிரதியைத் தம் இணையதளத்தில் வெளியிட்டு, நரகம் சாத்தான் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை என்று மறுத்தார். அதன்படி வெஞ்சர், டன்ஜன் மாஸ்டரின் வழிதவறிய மகன். பிள்ளைகளின் செயலால் அவன் மீட்கப்படுகிறான். வீட்டுக்கான வாசல் திறக்கிறது. போவதா, அவ்வுலகிலேயே இருந்து தொண்டாற்றுவதா என்ற தெரிவை அவர்களிடமே விட்டுப் பிரதி முடிகிறது. 2006இல் வெளியான குறுந்தகட்டுத் தொகுப்பில் அதை ஒலிநாடகமாகவும் சேர்த்தார்கள்.

ஆசிரியரே சொல்லிவிட்டார், வழக்கு முடிந்தது என்று மேசையில் ஒருவர் தீர்ப்பளித்தார். இலக்கிய ஆய்வு மாணவர். 'ஆசிரியனின் மரணம்' பற்றிக் கருத்தரங்கில் 40 நிமிடம் பேசியவர்! கார்ட்டூன் என்றதும் ஆசிரியன் உயிர்த்தெழுந்துவிடுகிறான் போலும்.

ரீவ்ஸின் மறுப்பு கதையின் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை போதுமானது என்பதை நானும் ஏற்கிறேன். பிள்ளைகள் இறக்கவில்லை. கிழவர் சாத்தான் இல்லை. ஆனால் ஒரு நாட்டில் பல்லாயிரம் சிறுவர்கள் ஒரே ஐயத்தை அடைகிறார்கள் என்றால், அந்த ஐயத்தை எழுப்பியது எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு மொழியியலில் ஓரளவு விடை உண்டு என்பது என் கருத்து.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் 'டன்ஜன் மாஸ்டர்' என்பது இயற்பெயரன்று; விளையாட்டின் பொறுப்புப் பெயர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் அவ்விளையாட்டில் மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க, ஒருவர் மட்டும் கதையை நடத்துபவராக இருப்பார். காட்டை விவரிப்பவர், புதிரைப் போடுபவர், பகடை விழுந்தபின் விளைவைச் சொல்பவர் அவரே. அவ்விளையாட்டை அறிந்த அமெரிக்கச் சிறுவனுக்கு இக்கிழவர் யார் என்ற ஐயம் எழ வாய்ப்பே குறைவு. பெயரே விடை. கதைசொல்லி கதைக்குள் இறங்கி வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

போர்த்துகீசிய ஒலிப்பெயர்ப்பில் தொடரின் தலைப்பு 'கவேர்னா தோ திராகாவ்' ஆயிற்று. டிராகனின் குகை என்று பொருள். டன்ஜன் மாஸ்டர் 'மெஸ்ட்ரி தோஸ் மாகோஸ்' ஆனார், மந்திரவாதிகளின் தலைவர். வெஞ்சர் 'விங்காடோர்', அதாவது பழிவாங்குபவன். அந்த விளையாட்டு அன்றைய பிரேசிலில் பரவலாக அறியப்படவில்லை. இறக்குமதியான நூல்களைப் படியெடுத்து ஆடிய சிறு கூட்டம் மட்டும் இருந்தது. அவர்களைப் பிற்காலத்தில் 'ஜெராக்ஸ் தலைமுறை' என்றே அழைத்தனர். (நம் பல்கலைக்கழகங்களில் அப்பெயருக்கு உரிமை கோரத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உண்டு.) ஆகவே மொழிபெயர்ப்பாளர் செய்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். விளையாட்டே தெரியாத சிறுவர்க்கு விளையாட்டுப் பதவியின் பெயரால் என்ன பயன்? ஆனால் அந்த ஒரு மாற்றத்தோடு, கிழவர் ஏன் எல்லாம் அறிந்தவராகவும் எதையும் நேராகச் செய்யாதவராகவும் இருக்கிறார் என்பதற்கான விளக்கம் தொடரிலிருந்து உதிர்ந்துவிட்டது. எஞ்சியவர் ஆற்றல் மிக்க ஒரு மந்திரவாதி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வல்லவர் என்று தோன்றுகிறவர், அனுப்பாதவர். இத்தகையவரைப் பற்றி ஒரு சிறுவன் என்ன நினைப்பான்? நரகம், சாத்தான் ஆகிய சொற்கள் கத்தோலிக்கப் பண்பாட்டில் வளர்ந்தவனுக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. எடுத்துக்கொண்டான்.

இதில் எனக்கு வியப்பளிப்பவை இரண்டு.

'டன்ஜன்' என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் 'டோன்ஜோன்' என்பதிலிருந்து வந்தது. கோட்டையின் நடுக் கோபுரத்தைக் குறித்த சொல் அது. இலத்தீனில் தலைவனைக் குறிக்கும் 'டோமினுஸ்' என்பதோடு தொடர்புடையது. ஆள்பவனின் கோபுரம் காலப்போக்கில் கீழிறங்கி, அக்கோபுரத்தின் அடியிலுள்ள பாதாளச் சிறையைக் குறிக்கலாயிற்று. எனவே சொல்லுக்குச் சொல் எடுத்தால் டன்ஜன் மாஸ்டர் என்பவர் சிறைத்தலைவர்! ஆங்கிலம் அறிந்த சிறுவர்கள் இதை ஒருபோதும் செவிமடுக்கவில்லை; விளையாட்டுப் பெயராகத் தேய்ந்த சொல்லில் சிறை கேட்பதில்லை. அச்சொல்லையே இழந்த பிரேசில் சிறுவர்கள்தாம் அந்தக் கிழவரைச் சிறைக்காவலர் என்று கண்டுகொண்டார்கள்.

இரண்டாவது, வழிகாட்டியும் எதிரியும் ஒருவரே என்ற கூற்று. கதைக்குள் அது தவறு. விளையாட்டு மேசையில் அது அப்பட்டமான உண்மை. அங்கே பாத்திரம் ஏற்று ஆடுவோரைத் தவிர மற்ற அனைவருக்கும் குரல் கொடுப்பவர் கதையை நடத்துபவரே. அறிவுரை கூறும் முதியவரும் அவரே, வாளோடு வரும் அரக்கனும் அவரே. அவ்விளையாட்டைக் கண்டிராத சிறுவர்கள், கார்ட்டூனின் வடிவத்தை மட்டும் பார்த்து, விளையாட்டின் இந்த அடிப்படை விதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரீவ்ஸின் தந்தை மகன் தீர்வு இதனோடு ஒப்பிடுகையில் ஒரு சமரசம் போலவே எனக்குப் படுகிறது. ஒருவராக இருக்க வேண்டிய இருவரைக் குருதி உறவால் அருகே கொண்டுவந்து நிறுத்திய சமரசம்.

இனி கிழவரின் பேச்சுக்கு வருவோம். மொழியியல் முதலாண்டில் எல்லாரும் படிக்கும் கிரைசின் ஒத்துழைப்புக் கொள்கையை நினைவுகூருங்கள். உரையாடுவோர் போதிய அளவு சொல்வர், உண்மை சொல்வர், தொடர்புடையதைச் சொல்வர், தெளிவாகச் சொல்வர் என்ற எதிர்பார்ப்பின் மீதே பேச்சு நிற்கிறது. டன்ஜன் மாஸ்டர் அளவையும் தெளிவையும் ஒவ்வொரு பகுதியிலும் மீறுகிறார். ஆனால் உண்மையை மீறுவதில்லை. விடுகதையின் விடை இறுதியில் சொன்னபடியே அமையும். மீறலிலும் கிரைஸ் வேறுபாடு காட்டுகிறார்: மற்றவர் அறியாதபடி மீறுவது ஒன்று, மீறுகிறேன் என்று தெரியும்படியே மீறுவது இன்னொன்று. ஏமாற்றுபவனுக்கு முதலாவது வேண்டும். விடுகதை இரண்டாவது வகை. நான் முழுவதும் சொல்லவில்லை என்பதை அது தன் வடிவத்தாலேயே அறிவித்துவிடுகிறது. தொல்காப்பியம் பிசியை யாப்பு வகை ஏழனுள் ஒன்றாக எண்ணியது. மறைத்துச் சொல்வது நம் மரபில் பொய்யின் இனமாகக் கருதப்பட்டதில்லை. ஆக, பேச்சு முறையை மட்டும் வைத்துப் பார்த்தால் கிழவரைச் சாத்தான் என்று குற்றஞ்சாட்ட முடியாது. சாத்தான் தெளிவாகப் பேசுவான். நேர் வழி இதுதான் என்று கையைப் பிடித்துக் காட்டுவான்.

இவ்வளவோடு நான் கிழவரை விடுதலை செய்திருப்பேன். ஆனால் அவர் மறைந்துவிடுகிறாரே!

உரையாடலை ஆராய்வோர் 'சீர்செய்தல்' என்று ஒன்றைப் பேசுவர். ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதைப் பற்றியது. பேச்சு எப்போதும் தடுமாறும்; கேட்பவருக்குப் பாதி விளங்காது; "என்ன சொன்னீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்பார், பேசியவர் திருத்திச் சொல்வார். மனிதப் பேச்சு இத்தனை தெளிவின்மையோடும் பிழைத்திருப்பது இந்த ஏற்பாட்டினால்தான். டன்ஜன் மாஸ்டர் ஒழித்துக்கட்டுவது இதைத்தான். விடுகதையைச் சொல்வார், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், யாரோ ஒருவர் கேட்பதற்காக வாயைத் திறக்கும் கணத்தில் அங்கே ஆள் இருக்காது. எத்தனை இருண்ட விடுகதையாயினும், இரண்டு கேள்விகள் கேட்க அனுமதி இருந்தால் அது ஆசிரியர் கையாளும் பயிற்சி. கேட்க ஆளில்லாதபோது அதுவே அதிகாரம். பிரேசில் சிறுவர்கள் மோப்பம் பிடித்தது இந்த மறைதலைத்தான் என்பது என் துணிபு. விடுகதை அவர்களைத் தொந்தரவு செய்திருக்க வாய்ப்பில்லை. சிறுவர்களுக்கு விடுகதை பிடிக்கும்.

குழுவில் இதைக் கேட்பவன் ஒருவன் உண்டு. எரிக். செல்வ வீட்டுப் பிள்ளை, கோழை, புலம்பல்காரன். கிழவர் வந்தால் முகம் சுளிப்பவனும், நேராகச் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று கேட்பவனும் அவனே. ஒவ்வொரு முறையும் அவனே கேலிக்கு ஆளாவான். இது தற்செயல் அன்று. தொடரின் தொடக்க வடிவமைப்பில் பங்காற்றிய மார்க் எவானியர் இதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அக்காலத்தில் சிறுவர் நிகழ்ச்சிகள் மீது பெற்றோர் குழுக்களும் ஆலோசகர்களும் செலுத்திய அழுத்தத்தால், குழு சொல்வதே சரி, முறையிடுபவன் எப்போதும் தவறு என்ற படிப்பினை கதைக்குள் புகுத்தப்பட வேண்டியிருந்தது. எரிக் அதற்காகவே படைக்கப்பட்டவன். அப்படிப்பினையைத் தாம் வெறுத்ததாகவும் அவர் கூறினார்.

காலச்சூழலையும் நினைக்க வேண்டும். அதே 1983இல் பாட்ரிஷியா புல்லிங் என்பவர் இந்த விளையாட்டை எதிர்த்து அமெரிக்காவில் ஓர் அமைப்பையே தொடங்கினார். விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் இட்டுச்செல்கிறது என்ற பீதி அங்கே பரவியிருந்தது. அந்தப் பீதியின் நடுவே ஒளிபரப்பான கார்ட்டூன், கீழ்ப்படிதலைப் போற்றும் நல்ல பிள்ளையாகத் தோன்ற வேண்டிய கட்டாயத்தில் இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. பாருங்கள், அமெரிக்கப் பெற்றோர் விளையாட்டில் தேடிய சாத்தானை, பல்லாயிரம் மைல் தாண்டிப் பிரேசில் பிள்ளைகள் அந்த நல்ல பிள்ளைக் கார்ட்டூனின் வழிகாட்டியிடமே கண்டெடுத்தார்கள்.

எனவே இந்த இரசிகர் கோட்பாட்டை நான் எரிக்கின் மேல்முறையீடு என்று படிக்கிறேன். தொடர் 27 பகுதிகள் முழுக்க அவனைத் தவறென்று நிறுவியது. பார்த்தவர்கள் தீர்ப்பை மாற்றி எழுதினார்கள். தொடருக்குள்ளேயே இதன் சுவடுகள் உண்டு. ஒரு பகுதியில் கிழவர் தம் ஆற்றலை எரிக்கிடமே ஒப்படைக்கிறார். இன்னொன்றில் சலித்துப்போன பிள்ளைகள் வெஞ்சரைத் தீர்த்துக்கட்டுவதென்றே முடிவெடுத்துக் கிளம்புகிறார்கள். கடைசிக் கணத்தில் ஹாங்க் அவனைக் கொல்லாமல் விடுகிறான். அதை எழுதியவரும் ரீவ்ஸ்தான். எழுதியவர்களுக்கே இந்த அமைப்பின் மீது பொறுமை குறைந்திருந்தது என்று தோன்றுகிறது.

பிறகு கோட்பாட்டாளர்கள் எங்கே வழுக்கினார்கள்? 'அவர் என்ன செய்கிறார்' என்ற கேள்வியோடு தொடங்கி 'அவர் யார்' என்ற விடையோடு முடித்ததில். மறைதல் ஒரு செயல். அதைக் குறை கூறலாம், மாற்றக் கோரலாம். சாத்தான் என்பது ஓர் அடையாளம். அதை என்ன செய்ய முடியும்? கிழவரைச் சாத்தான் என்று சொன்ன மறுகணமே, பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வீடு சேராததற்கு உண்மைக் காரணமான தொடர்வடிவம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. வீடு சேர்ந்தால் அடுத்த சனிக்கிழமைக்குக் கதை இல்லை. கிழவர் கருணைக்கடலாகவே இருந்திருந்தாலும் அவரால் வழியைச் சொல்லியிருக்க முடியாது.

நம் மரபிலுள்ள வழிகாட்டி நினைவுக்கு வருகிறார். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. அங்கே வழிகாட்டுபவன் யார் என்ற மர்மமே கிடையாது. போய்ப் பரிசு பெற்றுத் திரும்பிக்கொண்டிருக்கும் இன்னொரு கலைஞன். பசித்தவனுக்கு நேற்றுவரை பசித்திருந்தவன் வழி சொல்கிறான். மலைபடுகடாம் வழியிலுள்ள இடர்களை எவ்வளவு பொறுமையாக எடுத்துரைக்கிறது என்பதைப் படித்தவர் அறிவர்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், பாம்பு உறையும் குழி எது. திருமுருகாற்றுப்படை முருகனிடம் இட்டுச்செல்லும் வேறு நிலை. மற்ற நான்கிலும் வழிகாட்டியின் தகுதி அவன் அவ்வழியே நடந்தவன் என்பது மட்டுமே. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஆற்றுப்படை வழிகாட்டிக்கு வழிப்போக்கன் மீது எந்த அதிகாரமும் இல்லை; அவன் கையொப்பமிட வேண்டிய தாள் எதுவும் இல்லை. ஆகவே அவனுக்குத் தெளிவாகப் பேசுவது எளிது.

கையொப்பம் என்றதும் நண்பர்கள் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஆம், இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மேற்பார்வையாளரை நாம் 'கைடு' என்றே அழைக்கிறோம். விதிமுறைகள் மேற்பார்வையாளர் என்கின்றன. வாய் கைடு என்கிறது. தமிழிலோ 'நெறியாளர்' என்ற அழகிய சொல்லை ஆய்வேட்டின் முகப்பில் மட்டும் அச்சிடுகிறோம்.

என் கதையும் ஒன்று உண்டு. முன்பு ஒரு கட்டத்தில் நான் கொடுத்த இயல் ஒன்று, ஓரத்தில் ஒரே ஒரு தொடரோடு திரும்பி வந்தது: இன்னும் ஆழம் வேண்டும். எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு என்று கேட்கச் சென்றபோது அறை பூட்டியிருந்தது. பிறகும் பூட்டியிருந்தது. எட்டு மாதங்கள் நான் அத்தொடருக்கு உரையாசிரியராக இருந்தேன். நச்சினார்க்கினியர் தோற்றார். இறுதியில் நேரில் பேசக் கிடைத்த பத்து நிமிடத்தில் தெரிந்தது, அவர் குறிப்பிட்டது தரவுப் பகுதியின் ஒரே ஓர் அட்டவணையை! குறிப்பு சரியானதே. அவர் சொன்னபடி செய்தபின் இயல் மேம்பட்டது என்பதையும் மறைக்க மாட்டேன். விடுகதையின் விடை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அந்த எட்டு மாதங்களும் விடுதியில் நாங்கள் என்ன பேசினோம்? அவர் யார் என்றே பேசினோம். அவர் உண்மையில் நல்லவர், நம்மைச் சோதிக்கிறார் என்றது ஒரு கட்சி. அவருக்கு நாம் முடிப்பது பிடிக்கவில்லை என்றது மறு கட்சி. எந்தக் குழுவோடு தொடர்பு, யாரோடு பகை, எந்த மாணவர்க்கு எந்த முகம் காட்டினார் என்று இரவிரவாகச் சான்று திரட்டினோம். பிரேசில் சிறுவர்கள் யூனியைச் சந்தேகித்தது போல நாங்கள் துறை அலுவலக எழுத்தரைக்கூடச் சந்தேகித்தோம். பாவம், அவர்! கருத்துரையை எழுத்தில் இத்தனை நாளுக்குள் தர வேண்டும், விளக்கம் கேட்க வாரத்தில் ஒரு மணிநேரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் துறையில் கொடுக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் எட்டு முனைவர் பட்ட மாணவர்வரை ஏற்கலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறை. எட்டு ஆய்வேடுகளை வரிவரியாகப் படித்துக்கொண்டு வகுப்பும் எடுத்து, குழுக் கூட்டங்களுக்கும் போகும் மனிதர் அறையில் இல்லாமல் இருப்பதற்குத் தீய உள்நோக்கம் தேவையில்லை. அதனால் பூட்டிய கதவு நியாயமாகிவிடாது. ஆனால் புகாரை எங்கே எழுதுவது என்பது மாறுகிறது.

பிரேசில் இரசிகர்கள் இன்றுவரை அமைதியடையவில்லை. 2019இல் ஒரு கார் நிறுவனம் அங்கே வெளியிட்ட விளம்பரம், அந்த ஆறு பேரையும் நடிகர்களைக் கொண்டு உயிர்ப்பித்துக் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தது. விற்பனை தந்திரம்தான்; ஆயினும் அதைப் பார்த்துக் கண்கலங்கிய நாற்பது வயதுக்காரர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 2023இல் வந்த ஹாலிவுட் படத்திலும் ஒரு காட்சியில் அப்பிள்ளைகள் தலைகாட்டுகிறார்கள். அங்கேயும் அவர்கள் வீட்டில் இல்லை.

அந்த இளைய மாணவியிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் கைப்பேசியை நீட்டினாள். அவளுடைய நெறியாளர் ஆய்வுத் திட்டத்தின் மீது எழுதியிருந்தார்: கேள்வி கூர்மையாக இல்லை. அவ்வளவே. அவருக்கு ஒரு மின்னஞ்சல் வரைந்தோம். எந்தச் சொல் தெளிவில்லை, எந்த முன்னாய்வைப் பார்க்க வேண்டும், எப்போது நேரில் வரலாம் என்று மூன்றே கேள்விகள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்குவதா, வெறும் 'ஐயா' போதுமா என்று அரை மணிநேரம் போயிற்று. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் "கோபிச்சுக்குவாரா அக்கா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். நேற்றிரவு 11 மணிக்கு அனுப்பியிருக்கிறாள்.

என் மூன்றாம் இயல் அப்படியே இருக்கிறது. தொடரைச் சிறுவயதில் பார்த்தவர்கள், குறிப்பாகப் பிற மொழி ஒலிப்பெயர்ப்பில் பார்த்தவர்கள், கிழவரை அங்கே என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதினால் நன்றியுடையவளாவேன்.